முதுகு துடைக்கும் வேலை

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியை அட்மிட் செய்யும்போது நர்ஸ் கேட்கிற முதல் கேள்வி, "கூட யாரு இருக்கா?" என்பதுதான். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் நானும் அப்படிக் கேட்டவன்தான். கூட இருப்பவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார். மனைவி, மகள், மருமகள், யாரும் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து அக்கா. கஞ்சி ஊட்டுவது, பெட்பான் வைப்பது, வெந்நீரில் துண்டை நனைத்து மேல் துடைப்பது, சீட்டை வாங்கிக்கொண்டு பார்மசிக்கு ஓடுவது எல்லாம் அவர். ராத்திரி கட்டிலுக்கடியில் பாயை விரித்துப் படுப்பதும் அவரே. நாங்கள் டிரிப் போடுவோம், ஊசி போடுவோம், பி.பி. பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதுவோம். இரண்டு வேலைக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அதை யாரும் கிழித்ததில்லை, ஆனால் தாண்டியவர்களையும் நான் பார்த்ததில்லை.

பி.எஸ்சி. நர்ஸிங் நான்கு வருடப் படிப்பு. நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்டும் பாடம் முதல் வருடமே வந்துவிடும். பொம்மையை வைத்துச் செய்து காட்டி, வார்டில் ஒப்புக்குச் சிலருக்குச் செய்து, ரெக்கார்டு நோட்டில் மேடத்திடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. வேலையில் சேர்ந்த பிறகு அதை நான் தொட்டதே இல்லை. ஆயாம்மா செய்வார், இல்லையென்றால் வீட்டார் செய்வார்கள். ஸ்டாஃப் நர்ஸ் ஏன் செய்ய வேண்டும்?

லண்டனுக்கு வந்தது பணத்துக்காக. வேறு காரணம் சொன்னால் பொய். நாகர்கோவிலில் என் சம்பளம் 14,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு ஒன்று, எவ்வளவு சின்ன தனியார் ஆஸ்பத்திரியானாலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இலேயே பரிந்துரைத்திருந்தது. பரிந்துரைக்கு டெல்லியிலிருந்து எங்கள் ஊர்வரை டிக்கெட் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்ஸாக வெளிநாடு போவது செய்தியே அல்ல. குவைத்துக்கோ ரியாத்துக்கோ ஆள் அனுப்பாத தெருவை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு வெகு காலம் முன்னால் பயணம் எதிர்த் திசையில் நடந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நெய்யூரில் லண்டன் மிஷனரி சங்கம் 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் இருந்த சாமர்வெல் என்ற சர்ஜன், லண்டனில் படித்தவர், மலையிலிருந்து இறங்கித் தெற்கே சுற்றிப் பார்க்க வந்தபோது நெய்யூர் ஆஸ்பத்திரிக் கூட்டத்தைக் கண்டு, பிறகு அங்கேயே வேலைக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் இருந்தார். வயிற்றுப்புண் ஆபரேஷனில் பேர் போனவர். அப்பாவின் தாத்தாவை அறுத்துத் தைத்தது அவர்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. நெய்யூர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் அந்தக் கதை உண்டு என்பதால் நான் ரொம்ப அழுத்திச் சொல்வதில்லை.

பிரிட்டனில் நர்ஸாக வேலை பார்க்க என்.எம்.சி. என்ற பதிவுக் கவுன்சிலில் பேர் ஏற வேண்டும். ஆங்கிலத் தேர்வையும் கம்ப்யூட்டர் தேர்வையும் இந்தியாவிலேயே எழுதிவிடலாம். இங்கே வந்து 'ஆஸ்கி' என்ற செய்முறைத் தேர்வு. பத்து ஸ்டேஷன். பொம்மைக்கு மருந்து கொடுக்க வேண்டும், நோயாளியாக நடிப்பவரிடம் அனுமதி கேட்டு நாடி பிடிக்க வேண்டும், அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு எழுதி ஒப்படைக்க வேண்டும். தேறினால் ஒரு பதிவு எண் வரும். அதை இங்கே 'பின்' என்பார்கள். 'பின்' வரும்வரை ஒரு பாரசெட்டமால் மாத்திரையைக்கூட நம் பொறுப்பில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதுவரை என்ன வேலை? உதவியாளர் வேலை. அதாவது நோயாளிகளைக் கழுவித் துடைத்து, உடை மாற்றி, சாப்பிட வைப்பது. யூனிஃபார்மின் நிறமே வேறு. பார்த்தவுடன் இவர் நர்ஸ் அல்ல என்று தெரிந்துவிடும்.

கிழக்கு லண்டனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, முதியோர் வார்டு. அங்கே எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் கானா நாட்டுப் பெண்மணி, பல வருடங்களாக உதவியாளராக இருப்பவர். படுக்கையிலேயே குளிப்பாட்டுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் நம் பேரைச் சொல்ல வேண்டும். இது அவர் கண்டுபிடித்ததல்ல. கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர் தானே கேன்சர் நோயாளியாகப் படுத்தபோது, பேர்கூடச் சொல்லாமல் வந்து போகிறவர்களைப் பார்த்து மனம் நொந்து 2013இல் தொடங்கிய இயக்கத்தால் நாடு முழுக்கப் பரவிய பழக்கம். அப்புறம் திரையை முழுக்க இழுத்து மூடுவது. தண்ணீரின் சூட்டை நோயாளியையே தொட்டுப் பார்க்கச் சொல்வது. முகத்துக்கு சோப்பு வேண்டுமா என்று கேட்பது. ஒரு கையைத் துடைக்கும்போது மற்ற உடம்பெல்லாம் துண்டுக்குள் இருக்க வேண்டும். மார்பு, வயிறு, கால். தண்ணீரை மாற்றிவிட்டு மறைவிடம். கடைசியில் ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகும் பின்புறமும். மடிப்புகளில் ஈரம் நிற்கக் கூடாது. இத்தனையும் செய்துகொண்டே பேச வேண்டும். "பேசாம தொட்டா பயந்துடுவாங்க" என்பார்.

முதல் நாள் என் கையில் கிடைத்தவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். துடைக்கத் துடைக்க என் தலைக்குள் ஒரே வரிதான் ஓடியது: இதுக்கா படிச்சேன், இதுக்கா அப்பா நகையை அடகு வைச்சார்?

அன்று ராத்திரி ஈஸ்ட் ஹாம் அறையில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தேன். கையால் பிசைய முடியவில்லை. எழுந்து போய் ஸ்பூன் எடுத்துவந்தேன். அதன் பிறகு வெகு நாள் ஸ்பூனில்தான் சாப்பிட்டேன். இரட்டைக் கையுறை போட்டுத்தான் வேலை செய்தேன், முழங்கைவரை சோப்பு போட்டுத்தான் கழுவினேன். கிருமி பற்றிப் பரீட்சை எழுதிப் பாஸானவன் நான், கை சுத்தமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் சீழும் ரத்தமும் பட்ட கையைக் கழுவிவிட்டு அதே கையால் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே வராத அருவருப்பு இங்கே வந்ததென்றால் அதற்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லை. மலத்தைத் துடைப்பது இன்னாருடைய வேலை என்று நம் ஊரில் ஒரு குழந்தை பிறக்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறோம். அதை நான் செய்தால் நான் யார் ஆகிவிடுவேன் என்பதுதான் என் பயமாக இருந்தது. சாதி பார்க்காத வீடு எங்கள் வீடு என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தவனுக்கு இதை ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் காலம் பிடித்தது.

அதே வாரம் அப்பா போட்டோ கேட்டார். உதவியாளர் யூனிஃபார்மில் எடுக்க மனமில்லை. என் சைஸ்காரன் ஒருவனின் நீல நிற நர்ஸ் உடையை வாங்கிப் போட்டு, யாரோ ஒரு ஜூனியர் டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். இங்கே வார்டு நர்ஸ்கள் ஸ்டெதஸ்கோப் மாட்டுவது அபூர்வம். அப்பாவுக்கு அது தெரியாதே. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். ஊர்க்காரர்கள் சிலர், "பையன் டாக்டருக்குப் படிச்சானா?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணத் தரகரும் அந்தப் படத்தைத்தான் பல வீடுகளுக்கு அனுப்பினார்.

ஈஸ்ட் ஹாம் வீட்டில் நான்கு அறைகளில் இருந்தவர்களும் நர்ஸ்கள்தான். மார்த்தாண்டம், பாலா, கோட்டயம் ஊர்க்காரர்கள் மூவர், அப்புறம் நான். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இறங்கினால் புளி, முருங்கைக்காய், நெத்திலிக் கருவாடு, தமிழ்ப் பேச்சு எல்லாம் கிடைக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை ஏழரைக்குத் தொடங்கி ராத்திரி எட்டுக்கு முடிகிற ஷிஃப்டில் வெயிலை ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் உண்டு. சமையலறையில் வாடகை பேசுவோம், ஆஸ்கி தேதி பேசுவோம், யாருடைய வார்டு மேனேஜர் மோசம் என்று மணிக்கணக்காகப் பேசுவோம். பகலில் என்ன வேலை செய்தோம் என்பது மட்டும் பேச்சில் வராது. நால்வரும் ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் வெகு நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

'பின்' வந்தது. நீல உடை சொந்தமாகவே கிடைத்தது. கழுவும் வேலை அத்தோடு போய்விடும் என்று எண்ணியிருந்தேன். போகவில்லை. இங்கே காலை வேலையை நர்ஸும் உதவியாளரும் சேர்ந்தே செய்கிறார்கள், ஆள் குறைந்த நாளில் கேட்கவே வேண்டாம். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கடியில் பாய் விரிக்க யாருக்கும் இடமில்லை. கூட இருப்பவர் என்று ஒருவர் இல்லாததால் அவர் செய்கிற எல்லாமே நர்ஸிங் ஆகிவிடுகிறது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு அம்மா எங்கள் வார்டுக்கு வந்தார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்பதைத் தாண்டியவர், பார்படோஸிலிருந்து 1960களில் நர்ஸிங் படிக்க வந்தவர், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். என்.எச்.எஸ். 1948இல் தொடங்கியபோதே ஆள் போதவில்லை. கரீபியன் தீவுகளிலிருந்து இளம்பெண்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்தார்கள். அன்றைக்கு இரண்டு வகைப் படிப்பு இருந்தது. மூன்று வருடம் படித்தால் பதிவு பெற்ற நர்ஸ், வார்டு சிஸ்டராக உயரலாம். இரண்டு வருடம் படித்தால் 'என்ரோல்டு' நர்ஸ், அதோடு சரி. வந்த கறுப்பினப் பெண்களில் நிறையப் பேரை, தகுதி இருந்தும், வித்தியாசத்தை விளக்கிச் சொல்லாமல் இரண்டாவதில் தள்ளினார்கள். இவரும் அதில் ஒருவர். அந்தச் சான்றிதழோடு ஊர் திரும்பினால் பல இடங்களில் அதற்கு மதிப்பே இல்லை. அதனால் திரும்பவில்லை. முதியோர் வார்டு, ராத்திரி ஷிஃப்ட் என்று வேலைக்காலம் முழுக்க உடம்புகளைக் கழுவினார்.

இந்த நாட்டில் எண்பது வயதுக்காரரையும் அவர் விரும்பினால் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு வராது. மிஸஸ் என்று குடும்பப் பேரைச் சேர்த்துச் சொல்லித் தப்பித்தேன். நான் ஆண் என்பதால் வேறு நர்ஸ் வேண்டுமா என்று விதிப்படி கேட்டேன், துணைக்கு கானா அக்காவும் நின்றார். "ஆம்பளை பொம்பளை பார்க்கிற காலமெல்லாம் போச்சு. உன் கை சூடா இருக்கா, சில்லுனு இருக்கா, அதைச் சொல்லு" என்றார்.

முதுகைத் துடைத்து, பின்புறத்தையும் குதிகாலையும் பார்த்துவிட்டுப் போர்வையை இழுக்கப் போனேன்.

"என்ன எழுதப் போறே?"

"தோல் நல்லா இருக்கு, சிவப்பு எதுவும் இல்லைன்னு."

"என் தோல்ல சிவப்பு எங்கப்பா தெரியும்?" என்று கேட்டுவிட்டு, என் முழங்கையை ஒரு பார்வை பார்த்தார். "உன் தோல்லயும் தெரியாது."

படுக்கைப்புண் தொடங்கும்போது அழுந்திய இடம் சிவந்திருக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது. எல்லாப் புத்தகத்திலும் இருப்பது இதுதான். படத்தில் இருப்பது வெள்ளைத் தோல். நாகர்கோவிலில் நான் படித்த புத்தகத்திலும் வெள்ளைத் தோல்தான். அறுபது பேர் இருந்த வகுப்பில் அந்தப் படத்தைப் போலச் சிவக்கக்கூடிய தோல் ஒருவருக்கும் இல்லை, ஒருவரும் கேள்வியும் கேட்கவில்லை. கறுத்த தோலில் நிறம் கொஞ்சம் ஊதா கலந்து அடர்ந்ததுபோல் தெரியலாம், தெரியாமலும் போகலாம். தொட்டால்தான் பிடிபடும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கும், கெட்டியாகவோ சொதசொதவென்றோ இருக்கும், நோயாளிக்கு வலிக்கும். ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அவர் சொன்னபடி புறங்கையை இரண்டு குதிகாலிலும் மாற்றி மாற்றி வைத்தேன். இடது குதிகால் கொஞ்சம் சூடு, கொஞ்சம் விறைப்பு. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கிவைத்தோம், காற்று மெத்தைக்கு எழுதிப் போட்டோம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் தொட்டுப் பார்த்தோம். அந்தப் புண் வாய் திறக்கவே இல்லை. வராத புண்ணுக்கு வார்டில் யாரும் கைதட்டமாட்டார்கள். வந்திருந்தால் ரிப்போர்ட், விசாரணை, மீட்டிங் எல்லாம் இருந்திருக்கும்.

மருத்துவப்படி அவர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிய பிறகும் வாரக்கணக்கில் எங்களோடு இருந்தார். வீட்டுக்கு வந்து குளிப்பாட்ட ஆள் ஏற்பாடு செய்ய வேண்டியது உள்ளாட்சி கவுன்சில், அங்கே பணமும் இல்லை, ஆளும் இல்லை. லண்டன் வார்டுகளில் இப்படிக் காத்துக் கிடப்பவர்கள் எப்போதும் உண்டு. காலையில் துடைக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார். நான் எதிர்பார்த்த கனிவெல்லாம் அவரிடம் கிடையாது. "சேவை சேவைன்னு சொல்லியே சம்பளத்தைக் குறைச்சாங்க. உன்கிட்ட யாராவது தேவதைன்னு சொன்னா, மணிக்கு எவ்வளவுன்னு கேளு" என்பார். 2022 டிசம்பரில் இங்கிலாந்து நர்ஸ்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.சி.என். என்ற நர்ஸ் சங்கத்தின் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்றில் இங்கிலாந்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அறுபது வருடம் லேட் என்றார் அந்த அம்மா.

கழுவுகிற அந்த அரை மணி நேரத்தை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். தலை முதல் கால் வரை ஒரு மனிதரைத் தொட்டுப் பார்க்க எந்த டாக்டருக்கும் கிடைக்காத நேரம் அது. நேற்றைவிட மூச்சு வாங்குகிறதா, தண்ணீரை விழுங்கும்போது புரைக்கேறுகிறதா, பேச்சு குழறுகிறதா, புதிதாகக் கன்றிய தடம் ஏதாவது இருக்கிறதா, எல்லாம் அப்போதுதான் தெரியும். ஒருநாள் ஒரு பெரியவரின் காலைத் துடைத்தபோது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. பி.பி., நாடி, ஆக்ஸிஜன் எதிலும் குறையில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன், ஸ்கேனில் ரத்தக்கட்டி. இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளவில்லை, கானா அக்கா இதுபோலப் பலதைக் கண்டுபிடித்திருக்கிறார். என்னைவிடக் குறைந்த சம்பளத்தில்.

அருவருப்பு எப்போது போனது என்று தேதி சொல்ல முடியாது. ஒருநாள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். இன்றும் சில காலைகளில் வயிறு புரட்டும். வாந்தி நாற்றத்தைப் பழக்கம் வெல்லும் என்று சொல்கிறவர்கள் வெகு நாளாக வார்டுப் பக்கம் போகாதவர்கள்.

அப்போதெல்லாம் ஆச்சி நினைவு வரும். நான் மூன்றாம் வருடம் படித்தபோது ஆச்சி விழுந்து படுக்கையானார், மாதக்கணக்கில். நான் லீவுக்குப் போனால் பி.பி. மெஷினைக் கட்டி நம்பர் சொல்வேன், வீட்டார் பெருமையாகப் பார்ப்பார்கள். அம்மாதான் குளிப்பாட்டியது, புரட்டிப் போட்டது, பீத்துணி அலசியது. பழைய வேட்டியை வளையமாகச் சுற்றி இடுப்புக்கடியில் வைப்பார். வளையம் வைக்கக் கூடாது, சுற்றிலும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்று இன்றைய நர்ஸிங் சொல்கிறது. ஆனாலும் ஆச்சி போகும்வரை ஒரு புண் வரவில்லை. ராத்திரி அலாரம் இல்லாமல் எழுந்து புரட்டியதுதான் காரணம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. புண் வரக்கூடியவரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, ஆபத்து அதிகமானால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிலை மாற்ற வேண்டும் என்பது பிரிட்டனில் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். அம்மா அதைவிட அடிக்கடி எழுந்தார். அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் பேரே கிடையாது. யாராவது அம்மாவிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

இப்போது எங்கள் வார்டில் தோல் பராமரிப்புக்கு நான்தான் பொறுப்பு. கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் புதிதாக வருகிறவர்களை முதல் காலை குளிப்பாட்டலுக்கு நான் அழைத்துப் போகிறேன். முகத்தைப் பார்த்தாலே யாருக்கு ராத்திரி சோறு இறங்காது என்று தெரிந்துவிடும். நான் உபதேசம் செய்வதில்லை. இன்றைக்கு வேண்டுமானால் ஸ்பூனில் சாப்பிடு என்பேன். வருகிறவர்கள் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. ஐந்து வருடத்தில் கிடைத்துவந்த, நிரந்தரமாகத் தங்கும் அனுமதியைப் பொதுவாகப் பத்து வருடமாக்கும் யோசனையை அரசு 2025 மே மாதம் வெளியிட்டது முதல், எங்கள் சமையலறைப் பேச்சு ஆஸ்திரேலியா பக்கம் போய்விட்டது. கோட்டயத்துக்காரி ஏற்கெனவே படிவம் நிரப்பிவிட்டாள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

போன மாதம் அம்மா போனில், பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பக்கவாதம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், அத்தை ஒண்டியாகப் பார்க்கிறார் என்றார். நான் உடனே வீடியோவைத் திருப்பி, தலையணையை எப்படி வைப்பது, குதிகாலை எப்படித் தூக்கிவைப்பது என்று செய்தே காட்டினேன். கண்ணால் பார்த்தால் போதாது, நம் தோலில் தெரியாது, புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், அத்தையிடம் போய்ச் சொல்லிக்கொடுங்கள் என்றேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"ஆச்சிக்கு நான் வேற எப்படி மக்ளே பாத்தேன்? நீ அப்போ மெஷினைக் கெட்டிட்டு நம்பர்லா பாத்துட்டு இருந்த" என்றார். "அத்தைக்கு நான் நேத்தே சொல்லிக் குடுத்தாச்சி. நீ போயி உன் சோலியைப் பாரு."